பஸ்ஸின் நெற்றி

என் மாமனார் பாஷ்யத்துக்கு எண்பது முடிந்து சதாபிஷேகம் வந்தபோது எங்கள் வீட்டில் ஒரே ஒரு பேச்சுத்தான். சாரு வருவாளா, மாட்டாளா?

சாருலதா என் நாத்தனார். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் குடியிருந்தாள். நாங்கள் செங்கல்பட்டு. பஸ் ஏறி உட்கார்ந்தால் திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். அந்தத் தூரத்தை அப்பாவும் பெண்ணும் பதிமூன்று வருஷமாகக் கடக்கவில்லை. நானும் என் கணவர் கிருஷ்ணபிரசாத்தும் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு எப்போதாவது போய் அவளைப் பார்த்துவிட்டு வருவோம். திருடப் போகிறவர்கள் மாதிரி போவோம்.

அவள் செய்த குற்றம்தான் என்ன? வடகலைப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். வெளியில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். இரண்டு பேரும் ஐயங்கார்தானே, ஒரே பெருமாள்தானே என்பார்கள். நெற்றியைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நாங்கள் தென்கலை. எங்கள் வீட்டு ஆண்கள் இட்டுக்கொள்ளும் திருமண்ணில் இரண்டு வெள்ளைக் கோடும் புருவத்துக்கு நடுவில் சேர்ந்து, அதற்குக் கீழே மூக்கின்மேல் சின்னதாக ஒரு பாதம் இறங்கும். வடகலையாருக்குப் பாதம் கிடையாது. அடியில் கிண்ணம் மாதிரி வளைந்து நின்றுவிடும். அந்தக் கால் அங்குல வெள்ளைக்காகத்தான் இந்த மனுஷர் பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்குப் போகாமல், அன்று காலை முழுக்க ஈஸிசேரில் பேப்பரை விரித்துக்கொண்டு கிடந்தார். அப்போது நான் இந்த வீட்டுக்குப் புது மாட்டுப்பெண். வாயைத் திறக்க முடியாத காலம். இப்போது என்றால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன்.

சதாபிஷேகத்தில் வழி பிறந்தது என் மாமியார் பெருந்தேவியால். சாதுவான மனுஷி. வாழ்க்கையில் ஒரு தடவை காலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"சாரு வரலைன்னா நான் மணையில உட்காரப் போறதில்லை. நீங்க மட்டும் தனியா உட்கார்ந்து ஜலத்தைக் கொட்டிக்கோங்கோ" என்றாள்.

மாமனார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் சாப்பாட்டு நடுவில், ரசத்தைப் பார்த்துக்கொண்டே, "வரட்டும். அவனும் வரட்டும்" என்றார். மாமியார் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து மோர் பரிமாறினாள்.

அந்த 'அவன்' பெயர் தேசிகன். சாருவின் அகத்துக்காரர். கல்பாக்கத்தில் என்ஜினியர். பேச்சு குறைவு, கை வேலை அதிகம். வெளிநாட்டிலிருந்து பிளாஸ்டிக் துண்டுகளை வரவழைத்துக் குட்டிக் குட்டி விமானமாகச் செய்து கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார். இறக்கையில் நம்பர், வாலில் கொடி எல்லாம் ஸ்டிக்கர் மாதிரி மெல்லிசாக ஒட்டியிருக்கும். நாங்கள் சேதி சொல்லப் போனபோது அவர் கொஞ்ச நேரம் அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமாவோட பஸ்ஸை நான் பண்ணித் தரட்டுமா?" என்றார்.

சாரு எழுந்தே நின்றுவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாமனார் ஒரு காலத்தில் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இரண்டு வண்டி ஓட்டியவர். ஸ்ரீ பெருந்தேவி மோட்டார் சர்வீஸ். பெண்டாட்டி பெயரைத்தான் வைத்திருந்தார். மாமியாரின் பெயர் தினம் நாலு தடவை சமுத்திரக்கரை வரை போய்வந்தது, மாமியார் போனதில்லை. வண்டியின் முன்பக்கம், கண்ணாடிக்கு மேலே, நெற்றியில் பெரிதாகத் திருமண். இரண்டு பக்கமும் சங்கு சக்கரம். எழுபதுகளில் வண்டிகளை விற்றுவிட்டார். ஆனால் ரோட்டில் எந்த பஸ் போனாலும் இன்னும் நின்று நெற்றியைப் பார்ப்பார்.

பரணில் ஒரு தகரப் பெட்டியில் வண்டிச் சாமான்கள் கிடந்தன. அதில் மிச்சமாக ஒரு டிரான்ஸ்பர் ஷீட் இருந்தது. அந்தக் காலத்தில் பெயிண்டரை நம்பாமல் பெயரையும் திருமண்ணையும் மெட்ராஸில் அச்சடித்தே வாங்கி வருவாராம். தண்ணீரில் ஊறவைத்தால் படம் மட்டும் காகிதத்திலிருந்து நழுவி வரும், வண்டிமேல் ஒட்டிவிடலாம். பழைய சைக்கிளிலும் தையல் மெஷினிலும் பார்த்திருப்பீர்களே, அதுதான். தேசிகனின் விமான ஸ்டிக்கரும் அதே ஜாதிதான், அளவுதான் சின்னது. என் கணவர் அந்த ஷீட்டைச் சுருட்டி வேட்டிக்கு நடுவில் வைத்து, அப்பாவுக்குத் தெரியாமல் கல்பாக்கத்துக்குக் கொண்டுபோனார். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன்.

தேசிகன் ஷீட்டைப் பகுதி பகுதியாக ஸ்கேனரில் கவிழ்த்து மூடினார். கம்ப்யூட்டரில் வந்து நின்றதைப் பார்த்தால், டிகாக்‌ஷன் கொட்டிய துணி மாதிரி இருந்தது. காகிதம் பழுத்து, ஓரமெல்லாம் திட்டுத் திட்டாகக் கறை.

"இதை அப்படியே சின்னதாக்கி அடிச்சா, பஸ் மேல பழுப்புக் காகிதத்தை வெட்டி ஒட்டினாப்பல இருக்கும் மன்னி. எழுத்தையும் படத்தையும் விட்டுட்டு, பின்னாடி இருக்கற கலரை மட்டும் எடுத்துடணும்" என்றார்.

திரை ஓரத்தில் மந்திரக்கோல் மாதிரி ஒரு குட்டிப் படம். அதைப் பழுப்பில் வைத்து அழுத்தினார். அதே நிறம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் எறும்புச் சாரி மாதிரி ஒரு கோடு ஓடியது. ஒரு பொத்தானைத் தட்டினார். பழுப்பு போய்ச் சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிந்தது. கட்டம் தெரிந்தால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தமாம்.

"ஒண்ணும் இல்லைங்கறதுக்கு ஒரு படமா?" என்றேன். தேசிகன் சிரித்தார்.

வேலை அத்தனை சுலபமாக முடியவில்லை. பழுப்பு ஒரே பழுப்பாக இல்லையே. கொஞ்சமாகப் பிடிக்கச் சொன்னால் எழுத்தைச் சுற்றி அழுக்கு விளிம்பு நின்றது. அதிகமாகப் பிடிக்கச் சொன்னால் பக்கத்திலிருந்த மஞ்சளையும் சேர்த்து விழுங்கியது. சக்கரத்தில் பாதி காணாமல் போயிற்று. அதைத் திரும்பக் கொண்டுவந்து, படத்தைப் பெரிதாக்கி, விட்ட இடத்தையெல்லாம் ரப்பர் வைத்துத் துடைப்பதுபோல் துளித் துளியாகத் துடைத்தார். சாரு அவர் தோளுக்குப் பின்னால் நின்று கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த 'ரு'வுக்குக் கீழ ஒரு கறை ஒட்டிண்டிருக்கு பாருங்கோ. அதையும் எடுத்துடுங்கோ. அப்பா கண்ணாடியை ஏத்திண்டு பார்ப்பார். ஒரு அழுக்கு இருக்கப்படாது."

"எடுத்துடறேன், இரு."

"ஒண்ணு இருக்கப்படாது, சொல்லிட்டேன்."

நாங்கள் கிளம்பும்போது எழுத்தும் சங்கும் சக்கரமும் முடிந்திருந்தன. திருமண் பாக்கி. பிரிண்டருக்கு வெள்ளை அச்சடிக்கத் தெரியாது, அதனால் அதற்கு வெள்ளைக் காகிதமாகப் போட்டு, சுற்றிலும் பஸ்ஸின் சிவப்பை நிரப்ப வேண்டும் என்று தேசிகன் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பாதி புரிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

2003 ஆவணியில் சதாபிஷேகம். சாரு அரக்குப் பட்டில் வந்து வாசற்படியில் நின்றாள். பிறந்த வீட்டுக்குள் நுழைய ஒருத்தி அப்படியா கால் கூசி நிற்பாள்! மாமனார் ஈர வேட்டியோடு நிமிர்ந்து பார்த்தார்.

"வா" என்றார். தேசிகனைப் பார்த்து, "வாங்கோ" என்றார்.

இருவரும் சேவித்தார்கள். அவர் கை சாருவின் தலைமேல் கொஞ்ச நேரம் இருந்தது. என் மாமியார் என் விரலைப் பிடித்து நசுக்கியதில் மோதிரம் அழுந்தியது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பைத்தியக்காரி நான்.

ஜலம் விட்டு, ஆசீர்வாதம் முடிந்து, இலை போடும் நேரம். நான் சமையல்கட்டில் தளிகைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஒரே சிரிப்புச் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால், மாமனார் மடியில் பஸ். ஒரு முழ நீளம். சிவப்பு, அடியில் வெண்ணெய் நிறம். பின்னால் கூரைக்கு ஏறும் ஏணி, டிரைவர் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் பந்து ஹாரன். அந்தக் காலத்து டிரைவர் முனிசாமி திருக்கழுக்குன்றத்திலிருந்து வந்திருந்தார். தரையில் குந்திக்கொண்டு சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"நம்ம ஒண்ணாம் நம்பரு வண்டி மொதலாளி. அப்டியே கீது. இன்னாமா பண்ணிகீறாரு பாரு மாப்பிள்ள, ஏணி மொதக்கொண்டு வெச்சிகீறாரு."

"ஹாரனைப் பார்த்தயாடா" என்று மாமனார் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததே அபூர்வம். பக்கவாட்டில் இருந்த பெயரை வாய்விட்டு வாசித்தார். மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பஸ்ஸை முன்பக்கமாகத் திருப்பினார்.

சிரிப்பு அப்படியே நின்றது.

"இதை யாரு பண்ணினது?"

"அவர்தான்பா. நானும் பக்கத்துலயே இருந்து பார்த்துண்டேன்" என்றாள் சாரு. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"நீயும் பார்த்தே."

"பார்த்தேன்பா."

"நெத்தியைப் பார்த்தயோ?"

சாரு குனிந்து பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. திருமண்ணுக்குப் பாதம் இல்லை. அடியில் அழகாக வளைந்து, கிண்ணம் மாதிரி நின்றிருந்தது. சுத்தமான வடகலைத் திருமண். சொல்லிவிடுடி, சொல்லிவிடுடி என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"நன்னாத்தானே இருக்கு? என்னப்பா?" என்றாள்.

தேசிகனுக்கு உறைத்துவிட்டது. அவர் கை தானாகத் தன் நெற்றிக்குப் போயிற்று.

"மாமா, இது என் தப்பு. அவளுக்குத் தெரியாது. நான் ஒரு வாரத்துல மாத்திக் கொண்டுவந்துடறேன்."

"உங்களைச் சொல்லலை. நீங்க தினம் இட்டுக்கறதைப் போட்டிருக்கேள்" என்றார் மாமனார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை. சாருவைப் பார்த்தார். "உனக்குத் தெரியலை. காட்டினப்புறமும் தெரியலை. அப்பா நெத்தி மறந்துடுத்து. நீ அவாத்துப் பொண்ணாயிட்டே. எங்காத்துப் பொண்ணு இல்லை. இங்க உனக்கு என்ன இருக்கு?"

கூடம் நிறைய மனிதர்கள். ஒருவர் வாயைத் திறக்க வேண்டுமே. என் கணவர் மரம் மாதிரி நின்றார். முனிசாமி மட்டும், "நல்ல நாள்ல இன்னாத்துக்கு மொதலாளி" என்று முனகினார். சாரு அழவில்லை. அம்மா காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கைப்பையை எடுத்தாள். நான் கேட் வரை ஓடினேன்.

"இலை போட்டாச்சுடி. ஒரு வாய் சாப்டுட்டுப் போ."

"பசிக்கலை மன்னி" என்றாள். ஆட்டோவில் ஏறும்போதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நடந்தது என்ன என்று மறுநாள் தேசிகன் ஃபோனில் என் கணவரிடம் சொன்னார். மந்திரக்கோல் பழுப்போடு சேர்த்துத் திருமண்ணின் வெள்ளையையும் விழுங்கிவிட்டது. பழைய வெள்ளையும் பழுத்துத்தானே இருந்தது. நடுவிலிருந்த சிவப்புக் கோடு மட்டும் நின்றது. சரி, வெள்ளையைக் கையால் வரைந்துவிடலாம் என்று மவுஸைப் பிடித்திருக்கிறார். அடியில் ஏதோ கறை தெரிந்தது, காகிதத்து அழுக்கு என்று துடைத்துவிட்டார். தினம் காலையில் குளித்ததும் நெற்றியில் போகிற கை, அதே போக்கில் போய், அதே வளைவில் நின்றுவிட்டது. வேணுமென்று செய்ய அந்த மனுஷருக்குத் தெரியாது. சாருவும் பார்த்தாள். அவளும் பதிமூன்று வருஷமாகத் தினம் காலையில் பார்ப்பது அந்த நெற்றியைத்தானே. அவள் கண்ணுக்கு அது சரியாகத்தான் பட்டிருக்கும்.

இதையெல்லாம் என் கணவர் அப்பாவிடம் எடுத்துச் சொன்னார். "சரி" என்றார் மாமனார். அந்தச் 'சரி'க்கு எத்தனை அர்த்தம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து மாமியார் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். காபி டபரா மேஜைமேல் வரும், தட்டு வரும், வார்த்தை வராது. சதாபிஷேகம் பண்ணிக்கொண்ட தம்பதி, இப்படி ஆளுக்கொரு மூலையில். நான் நடுவில் நின்று, "அப்பா மாத்திரை கேட்கறார்", "அம்மா வெந்நீர் வெச்சாச்சாம்" என்று தபால்காரி வேலை பார்த்தேன். பஸ்ஸைக் கூடத்து அலமாரியில் வைத்திருந்தோம். அவர் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தார். எடுத்து உள்ளே வை என்றும் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் என் கணவர் ஒரு கவரோடு வந்தார். தேசிகன் கொடுத்தனுப்பியது. உள்ளே அந்தப் பழைய ஷீட் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தது. கூடவே புதுத் திருமண் ஸ்டிக்கர், பாதத்தோடு. ஒன்று கிழிந்தாலும் இருக்கட்டும் என்று மூன்று அடித்திருந்தார். சீட்டு ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

மாமனார் புதியதைத் தொடவில்லை. பழைய ஷீட்டைத்தான் எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"வகுளா, என் கண்ணுதான் சரியில்லையா பாரு. இதுல பாதம் எங்க இருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. பாதம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்புக் கறைதான் இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினேன். ஒரு கோணத்தில் மட்டும் லேசாகப் பளபளவென்று ஒரு விளிம்பு தட்டியது.

"இதோ. சாய்ச்சுப் பிடிச்சாத்தான் தெரியறது, அப்பா."

அவர் அதைத் தானே சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"நான் பக்கத்துல நின்னு அச்சடிச்சு வாங்கினது. எனக்கே தெரியலை" என்றார்.

ஷீட்டைக் கீழே வைத்தார். இத்தனை நாள் அவர்மேல் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"சாருவைக் கூப்பிடு" என்றார். "அவ வந்து இதை ஒட்டட்டும். நான் சொன்னேன்னு சொல்லு. அவா ஆத்து நம்பர் எனக்குத் தெரியாது, நீ போடு."

நான் போட்டேன். அவர் ஃபோனுக்குப் பக்கத்திலேயே, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாருதான் எடுத்தாள். குழறக் குழற எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்கே பாதம் தெரியவில்லை என்பதைச் சொன்னேன். உன்னைக் கூப்பிடச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறார், பேசறாயா என்றேன். அவள் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

"வேண்டாம் மன்னி" என்றாள். "அன்னிக்கு அவர் கேட்டார், நெத்தியைப் பார்த்தயோன்னு. எனக்கு நிஜமாவே தெரியலை. ஆத்துக்கு வந்து அப்பா முகத்தை நினைச்சு நினைச்சுப் பார்த்தேன். மூக்கு வரது, கண்ணாடி வரது. நெத்தி வரலை. மறந்துதான் போயிருக்கு. மறக்கற அளவுக்கு என்னைத் தள்ளி வெச்சது யாரு, நானா? இப்ப வந்து எல்லாரும் பார்க்க அதை ஒட்டினா சரியாயிடுமா? நான் வரலை. அம்மாவை இங்க அனுப்புங்கோ, நாலு நாள் இருந்துட்டு வரட்டும். அப்பா கேட்டா வரலைன்னு சொல்லிடுங்கோ."

"சாரு, எண்பது வயசுடி அவருக்கு."

"தெரியும். அந்தக் கணக்கும் எனக்கு மறந்திருக்கும்னு நினைச்சாரா?"

ஃபோனை வைத்துவிட்டாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கிழவர் நிற்கிறாரே.

"என்ன சொன்னா?"

"வரலையாம்."

மாமனார் தலையை ஆட்டிக்கொண்டார். போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அலமாரியில் இருந்த பஸ்ஸைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே மழையைத்தான் பார்த்தார்.

"வரமாட்டா" என்றார். "நான் பதிமூணு வருஷம் கூப்பிடலை. அவ ஒரு தரம் வரலைங்கறா. அதே பிடிவாதம். என் பொண்ணுதானே."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சமையலறை வாசலில் மாமியார் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று தெரியாது. சதாபிஷேகத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவரிடம் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"என் பொண்ணுங்கறதை அன்னிக்கு அவகிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள்.